ஆயுத பூஜைக்குக் கழுவிய தொட்டி

என் தொட்டியைக் கழுவிவிட்டார்கள்.

இதைச் சொன்னால் யாருக்கும் கோபம் வருவதில்லை. "நல்லதுதானே?" என்கிறார்கள். என் மனைவி இன்னும் ஒரு படி மேலே போனாள். "நம்ம வூட்டு மாடி டேங்க கழுவுன்னு மூணு வருஷமா கத்திக்கினு கீறேன். அங்க எவனோ கேக்காமயே கழுவிக் குட்த்துக்கீறான். அதுக்குப் போய் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீறியே!"

அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? அது தண்ணீர்த் தொட்டி இல்லை.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில் ஒரு ரசாயன ஆலையில் வேலை செய்கிறேன். கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவில் ஆப்பரேட்டர். பெண் பார்க்கப் போனபோது என் வீட்டார் இதை 'வாட்டர் டிபார்ட்மெண்ட்' என்று சொல்லி வைத்தார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் என் சட்டையை முதல்முறை துவைத்த அன்றே அவளுக்கு எந்த வாட்டர் என்று தெரிந்துவிட்டது. அதற்குள் தாலி ஏறிவிட்டதால் நான் தப்பித்தேன்.

ஆலையின் அழுக்குத் தண்ணீர் எல்லாம் கடைசியில் என்னிடம் வரும். என்னிடம் என்றால் என் தொட்டியிடம். அடியிலிருந்து காற்று ஏற்றிக்கொண்டே இருப்போம். தண்ணீர் இரவும் பகலும் கொப்பளித்துக்கொண்டு, கேன்டீன் டீயின் நிறத்தில் இருக்கும். டீயைவிடக் கெட்டியாக இருக்கும் என்பது கேன்டீனுக்குத்தான் அவமானம். அந்தப் பழுப்பு முழுக்கக் கிருமிகள். அழுக்கைத் தின்பது அவைதான். நான் சுவிட்ச் போடுவேன், அவ்வளவுதான். சம்பளம் மட்டும் எனக்கு வரும்.

பதினாறு வருடத்துக்கு முன் இந்தத் தொட்டியைப் புதிதாகக் கட்டியபோது, திருவொற்றியூர் மாட்டுக்கொட்டகை ஒன்றிலிருந்து சாணம் கொண்டுவந்து கரைத்தோம். வெல்லமும் யூரியாவும் போட்டோம். பத்து நாளில் தொட்டிக்கு உயிர் வந்தது. பதினோராம் நாள் ஆலையின் ஃபீனால் தண்ணீரை விட்டோம். தொட்டி செத்துப்போனது.

ஃபீனால் யார் என்று கேட்டால், அந்தக் காலத்து ஆஸ்பத்திரி வராண்டாக்களில் கிருமியைக் கொல்ல ஊற்றிய திரவத்தின் வாடை ஞாபகம் இருக்கிறதா, அந்த வாடைக்காரன். கிருமியைக் கொல்லும் சரக்கையே கிருமிக்குச் சாப்பாடாகப் போடும் யோசனை நிச்சயம் நிறையப் படித்தவர்களுடையதுதான். எனக்கெல்லாம் அந்தத் தைரியம் வராது.

ஆனாலும் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருந்தோம். தொட்டி வெள்ளையாக நுரைத்தது, நாறியது. நாலு மாதம் கழித்து ஒருநாள், வெளியே போகும் தண்ணீரில் ஃபீனால் குறைந்திருந்தது. கொஞ்ச நாளில் இன்னும் குறைந்தது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு பெண் இருக்கிறார். ராயபுரத்துக்காரர், நுண்ணுயிரியல் படித்தவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னைவிட நூறு மடங்கு விவரமானவர். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரிடம் இந்தக் கதையைச் சொல்லி, "அதுங்களுக்குப் பழகிடுச்சும்மா" என்றேன்.

"பழகலண்ணா," என்றார். "செத்தது செத்துப்போச்சு. ஒரு கிருமி ரெண்டா பிரியறப்ப உள்ள கீற ஜீன் எழுத்தயெல்லாம் காப்பி எடுக்கும். கோடிக்கணக்குல காப்பி எடுத்தா அங்கங்க தப்பு வரும்ல? முக்காவாசி தப்புல ஒண்ணும் ஆவாது. சில தப்புல செத்துப்பூடும். எப்பனா ஒரு தப்பு நல்லதா அமைஞ்சிடும். வேற எதையோ வெட்டறதுக்கு வெச்சிருந்த கத்தி கொஞ்சம் வளைஞ்சிடும். வளைஞ்ச கத்தி ஃபீனால வெட்டும். மத்ததெல்லாம் பட்டினி, அது மட்டும் துன்னும். அது பெருகும், அதோட புள்ளைங்க பெருகும்."

"அப்ப ஃபீனால் வருதுன்னு தெரிஞ்சு மாத்திக்கல?"

"அதுக்கு இன்னாண்ணா தெரியும்? அது பாட்டுக்குத் தப்பு பண்ணிச்சு. ஃபீனால் அங்க இருந்திச்சு. அவ்ளோதான்."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. காரணம், ப்ளஸ் டூ கணக்குப் பரீட்சையில் எனக்கு நேர்ந்ததும் இதுதான். முன்னால் இருந்தவனைப் பார்த்துக் காப்பியடித்தேன். அவன் எழுதிய விடையே தப்பு. நான் அவசரத்தில் அவன் போட்ட 7-ஐ 1 என்று எழுதிவைக்க, அது சரியான விடையாகிவிட்டது. அவன் பெயில், நான் ஜஸ்ட் பாஸ். எங்கள் வம்சம் இன்றுவரை அந்த ஒரு பிழையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மற்ற பாடங்களில் செய்த பிழைகளைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

இன்னொன்றும் அந்தப் பெண் சொன்னார். நல்ல பிழை கிடைத்த கிருமி அதைத் தன் பிள்ளைகளுக்கு மட்டும் விட்டுப்போவதில்லை. பக்கத்தில் இருப்பதற்கும் சில நேரம் கொடுத்துவிடுமாம். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் நாங்கள் குடியிருந்தபோது மீன்குழம்புக் கிண்ணம் வராண்டா முழுக்கச் சுற்றி வருமே, அது மாதிரி. அன்றிலிருந்து எனக்குத் தொட்டி மேல் தனி மரியாதை. பிழை மேல் பிழை, சாவு மேல் சாவு, பதினாறு வருடம். இந்த ஆலையின் அழுக்கையே தின்று வளர்ந்த கூட்டம் அது. வேறெங்கும் கிடையாது. கடையில் கிடையாது.

இதை நான் எல்லோருக்கும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதில்தான் வந்தது வினை. "எனக்கு வூட்ல ரெண்டு, டேங்க்ல கோடி" என்பேன். "நான் லீவு போட்டா புள்ளைங்க ஏங்கிப்பூடும்" என்பேன். கேன்டீனே சிரிக்கும். நானும் சிரிப்பேன். கோமாளியாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு, யாரும் எதற்கும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

போன வருடம் புது மேனேஜர் வந்தார். நல்ல மனிதர்தான், தினமும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நகரத்தின் தென்கோடியிலிருந்து காரில் வருவார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. முதல்நாள் என் தொட்டியைப் பார்த்துவிட்டு, கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி, "இது எப்பவும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார்.

"குளிப்பாட்டினா சளி புடிச்சிக்கும் சார்," என்றேன். அவர் சிரித்தார். நான் அதோடு விட்டேன். அந்த நிமிடம் ஐந்து வாக்கியம் ஒழுங்காகப் பேசியிருக்கலாம்.

ஆயுத பூஜைக்கு முன் நாலு நாள் லீவு எடுத்தேன். கும்மிடிப்பூண்டியில் மச்சினி வீட்டுக் காதுகுத்து. வழக்கமாகப் பூஜை அன்று மற்ற மிஷின் எல்லாம் கழுவித் துடைத்து ஓய்வெடுக்கும். தொட்டிக்குக் காற்று ஊதும் என் பிளோயர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். காற்று நின்றால் உள்ளே மூச்சு முட்டிவிடும். அதனால் ஓடுகிற மோட்டாருக்கே சந்தனம் தடவிக் குங்குமம் வைப்போம். வைக்கிற ஆளின் மூக்கிலும் பாதி அப்பும்.

பூஜை அன்று காலை ரயிலில் இறங்கி நேராக ஆலைக்குப் போனேன். என் ஷிஃப்ட் தோஸ்து வாசலிலேயே நின்றிருந்தான். எண்ணூர்க் குப்பத்துக்காரன். பதிமூன்று வருடமாக என்னோடு வேலை. அவன் அண்ணன்கள் இன்னும் ஆற்று முகத்தில் முறைவைத்து வலை கட்டுகிறார்கள். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"வா மாமு! கண்ண மூடிக்கினு வா!"

கூட்டிக்கொண்டு போனான். கண்ணைத் திறந்தேன். தொட்டியின் நாலு பக்கமும் வாழைக்கன்று. சுவருக்குப் புது நீலப் பெயிண்ட். பிளோயர் மேல் மாலை. உள்ளே எட்டிப் பார்த்தேன். பதினாறு வருடமாக நான் பார்த்தே இராத ஒன்று தெரிந்தது. தொட்டியின் தரை. வெள்ளை வெளேர் என்று, பிளீச்சிங் பவுடர் வாசனையோடு.

"இன்னா, எப்டி கீது? நாஷ்டா கூட துன்னாம ரெண்டு நாளு கழுவினோம்!"

எனக்கு ஜோக் ஒன்றும் வரவில்லை. எனக்கு ஜோக் வராமல் போவதை அவன் பார்த்ததே இல்லை. பயந்துவிட்டான்.

"இன்னா மாமு, பேஜாரா நிக்கிற?"

"யார்யா கழுவச் சொன்னது?"

"மேனேஜர் சார்தான். பூஜைக்கு எல்லாம் பளிச்சுனு இருக்கணும், உன் டேங்கு மட்டும் கலீஜா கீதுன்னாரு. எனக்கு ரோஷமா பூட்ச்சி. எங்க மாமு டேங்க கலீஜுன்றியா, இப்ப பாருன்னு..."

"உள்ள இருந்ததெல்லாம் உசுருடா!"

"நீ தமாசுக்குச் சொல்றேன்னு நென்ச்சிக்கினு இருந்தேன் மாமு."

இந்த ஒரு வார்த்தைக்குப் பதில் அவன் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். அவன் மேல் எப்படிக் கோபப்படுவது? என் மானத்துக்காக இரண்டு நாள் பட்டினி கிடந்து என் தொட்டியைக் கொன்றிருக்கிறான். அப்புறம் அவனுக்கே உறைத்தது. மறுநாள் விஜயதசமி, பூஜைக்காக நிறுத்திவைத்திருந்த ஆலை ஓடத் தொடங்கும். அழுக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கும் தொட்டி இரண்டு நாள் தாங்கும். அதற்கப்புறம் ஒன்று ஆலையை நிறுத்த வேண்டும், இல்லை வால்வைத் திறந்து ஃபீனாலை அப்படியே விட வேண்டும். வால்வுக்கு அந்தப் பக்கம் கால்வாய். கால்வாய் போய்ச் சேரும் இடத்தில் அவன் அண்ணன்களின் வலை.

"அந்தச் சேத்த எங்கடா கொட்டினீங்க?"

பின்பக்கம் மணல் பாத்திகளில் காயப்போட்டிருந்தார்கள். பாதியை முந்தின நாளே லாரியில் அள்ளிப் போய் எங்கோ பள்ளத்தில் நிரப்பிவிட்டார்கள். மீதி மேலே வெடித்துக் கிடந்தது. நாற்றத்துக்காக அதன் மேலும் பிளீச்சிங் தூவியிருந்தார்கள். தூவுவதில் மட்டும் எங்கள் ஆலையில் கஞ்சத்தனமே கிடையாது. காய்ந்த மேலோட்டைக் காலால் உடைத்தேன். அடியில் ஈரம்.

மண்வெட்டி வேண்டும். மண்வெட்டி, கடப்பாரை, ஸ்பேனர் எல்லாம் சந்தனப் பொட்டோடு சாமி படத்துக்கு முன்னால் வரிசையாகப் படுத்திருந்தன. நான் போய் ஒன்றை உருவினேன். பொரிகடலை வாங்க வந்த கூட்டம் அலறியது. "பூஜைல வெச்சத எடுக்காதண்ணா! தோஷம்!"

"தோஷம் ரெண்டு நாளு முன்னயே வந்துட்ச்சி," என்றேன். இன்னொரு மண்வெட்டியைத் தோஸ்து எடுத்தான், கன்னத்தில் போட்டுக்கொண்டு.

அன்று பகல் முழுக்க அடிச்சேற்றை வாளி வாளியாக அள்ளி ஆறு பிளாஸ்டிக் டிரம்களில் கரைத்தோம். பிளோயரிலிருந்து குழாய் இழுத்து ஒவ்வொன்றிலும் காற்று விட்டோம். பூஜைக்கு வந்த வெல்லத்தில் ஒரு பங்கு டிரம்முக்குப் போனது. கூடவே ஃபீனால், கரண்டியால் அளந்து. ஃபீனாலை அறவே நிறுத்தினால், வளைந்த கத்தி இல்லாததும் கூடவே பெருகிக் கூட்டத்தில் கலந்துவிடும் என்று ஆய்வகப் பெண் போனில் சொன்னார். மறுநாள் காலை அவர் வந்து ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். நான் சாமி கும்பிட்டேன். எந்தச் சாமி என்று கேட்காதீர்கள், யார் கேட்டாலும் சரி என்றுதான் கும்பிட்டேன்.

"நகருதுண்ணா," என்றார். "கொஞ்சம்தான். ஆனா நகருது."

மேனேஜரிடம் ஓடினேன். அவர் பதறவில்லை. "பாக்டீரியாதானே? ஆன்லைன்ல ஆர்டர் போட்டாச்சு. மத்தியானம் வந்துடும்."

பாக்டீரியாதானே! அந்த 'தானே'யை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

வந்தது. இரண்டு மூட்டை. மூட்டை மேல் ஒரு பச்சை இலை சிரித்துக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான நீரில் கரைக்கச் சொல்லிக் குறிப்பு, ஏதோ குழந்தைக்குச் சத்துமாவு கரைப்பதுபோல. பெரிய தொட்டியில் தண்ணீரை நிரப்பி, மேனேஜர் உத்தரவின்படி அதைக் கொட்டி, ஃபீனால் தண்ணீரைத் திறந்தோம். அந்தக் கிருமிகள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எங்கோ சர்க்கரைத் தண்ணீரில் செல்லமாக வளர்ந்தவை. அவற்றின் முப்பாட்டன் யாரும் ஃபீனாலைப் பார்த்ததில்லை. எண்ணூரில் இறக்கிவிட்டு, "தின்னு" என்றால் எப்படித் தின்னும்? மறுநாள் காலை தொட்டி பால் மாதிரி வெள்ளை. ஆய்வகப் பெண் சொட்டெடுத்துப் பார்த்தார். "ஒண்ணும் நகரல."

பிடித்துவைத்த தொட்டியில் இன்னும் இரண்டு சாண்தான் பாக்கி. பதினோரு மணிக்குக் கூட்டம் கூட்டினார்கள். பெரியவர்கள் எல்லாம் ஏசி அறையில். வாழ்க்கையில் முதல்முறையாக நான் எழுந்து நின்று ஒழுங்காகப் பேசினேன். "சார், அந்த டிரம்ல இருக்கிறதுதான் நம்ம பழைய கூட்டம். பெருகறதுக்கு மூணு வாரமாவது வேணும். அதுவரைக்கும் ஃபீனால் பிரிவை நிறுத்தணும்."

சிரித்தார்கள். பாவிகள், வழக்கம்போலச் சிரித்தார்கள். நான் அடுத்து ஏதோ ஜோக் சொல்லப்போகிறேன் என்று ஒருவர் நாற்காலியை முன்னால் வேறு இழுத்துப் போட்டார். நான் நின்றேன். என் கண்ணில் தண்ணீர் வந்ததும் அவர்கள் சிரிப்பு இன்னும் அதிகமானது, நன்றாக நடிக்கிறேனாம்.

"சார், ஒரு வால்வத் திறந்தா முடிஞ்சு போச்சு," என்றார் ஒருவர். "அந்த ஆத்துல ஏற்கனவே சாம்பலும் எண்ணெயும்தான் ஓடுது. நம்மளுது ரெண்டு நாள் போனா யாருக்குத் தெரியப்போவுது?"

கதவோரம் என் தோஸ்து நின்றிருந்தான். "எனக்குத் தெரியும் சார்," என்றான்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"எங்க அண்ணனுங்க அங்கதான் வலை கட்றாங்க. வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை கேன்டீன்ல எறா தொக்கு போட்றாங்கள்ல, அது எங்க வலையில வுழுந்த எறாதான். நீங்க மூணு கரண்டி வாங்கித் துன்றீங்க சார், நான் பாத்துகினுதான கீறேன். வால்வத் தொறங்க. வெள்ளிக்கெழம எறா வரும். நானே எடுத்தாந்து உங்க தட்டுல வெக்கிறேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆய்வகப் பெண், "வெளியே போற தண்ணி ரிப்போர்ட்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார்.

அரைமணி நேரத்தில் ஃபீனால் பிரிவை நிறுத்த உத்தரவு வந்தது. ஊரான் வலை, ஊரான் ஆறு, ஊரான் வயிறு என்றபோதெல்லாம் நகராத பேச்சு, தொக்கு என்றதும் நகர்ந்தது. இதற்கு நான் சந்தோஷப்படவா, காறித் துப்பவா? இரண்டையும் செய்தேன், இரண்டாவதை வெளியே வந்து.

டிரம்மிலிருந்து பெரிய தொட்டிக்கு மாற்றினோம். நீலப் பெயிண்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. தோஸ்து லீவு நாளிலும் வந்து காற்றுக் குழாயைப் பார்த்தான். மூன்று வாரம் என்றது ஐந்து வாரம் ஆனது. தினமும் ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் தண்ணீர் மொண்டு அரைமணி வைப்போம். கூட்டம் சரியாக இருந்தால் சேறு அடியில் படிந்து மேலே தெளியும். முதல் வாரம் முழுக்கக் கலங்கல். நாலாவது வாரம் ஒரு திங்கட்கிழமை தெளிவாகக் கோடு விழுந்தது. தோஸ்து அந்தக் குடுவைக்கு முத்தம் கொடுத்தான். நான் தடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து ஆய்வகப் பெண் கையெழுத்துப் போட்டார். தெளிந்த தண்ணீருக்கு வால்வைத் திறந்தோம்.

பழைய கூட்டம் முழுதாகத் திரும்பவில்லை. முன்பு இரண்டு நாளில் தின்றதை இப்போது மூன்று நாளில் தின்கின்றன. எத்தனை நல்ல பிழைகள் லாரியேறிப் பள்ளத்துக்குப் போயினவோ, யாருக்குத் தெரியும்? அவை மறுபடி நேருமா என்று ஆய்வகப் பெண்ணிடம் கேட்டேன். "நேரலாம். ஆனா அதே வரிசையில அதே தப்பு நேரணும்னு ஒண்ணும் இல்லண்ணா. இன்னொரு பதினாறு வருஷம் குடுத்துப் பாருங்க," என்றார். பதினாறு வருடத்தில் எனக்கு ஓய்வூதியம் வந்திருக்கும், பல் போயிருக்கும்.

மேனேஜர் தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்பினார். நானும் பார்த்தேன். 'தொட்டி முழுமையாகச் சுத்தம் செய்யப்பட்டுப் புதிய நுண்ணுயிர்க் கலவை வெற்றிகரமாக இடப்பட்டது.' பாராட்டுக் கடிதம் வந்தது. கூடவே இன்னும் நாலு மூட்டை.

அந்த மூட்டைகளை ஸ்டோருக்கு அனுப்பிவிட்டுப் பாதுகாப்பு அதிகாரியிடம் போய் உட்கார்ந்தேன். ஜோக் ஒன்றும் சொல்லவில்லை. சாணத்திலிருந்து ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரு விதி எழுதினார். என் கையெழுத்தும் ஆய்வகக் கையெழுத்தும் இல்லாமல் இனி அந்தத் தொட்டியை யாரும் காலி செய்யக் கூடாது. பூஜையோ, பெரியவர் வருகையோ, எதுவானாலும் சரி.

விதியோடு ஒரு படிவமும் உண்டு. அதில் 'தொட்டியில் உள்ளது' என்ற கட்டத்தில் 'கசடு' என்று போட்டிருந்தார். கசடாம்! எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், இத மாத்துங்க," என்றேன்.

"கம்ப்யூட்டர்ல வேற வார்த்தை இல்லயேப்பா. தண்ணி, எண்ணெய், அமிலம், கசடு. இந்த நாலுதான்."

"அஞ்சாவதா ஒண்ணு சேருங்க."

"இன்னான்னு?"

"உயிர்னு."

தலைமையகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்றார். மாதா மாதம் எழுதிக் கேட்கிறேன். பதில் வரவில்லை. இந்த மாத மனுவில் தோஸ்தும் ஆய்வகப் பெண்ணும்கூடக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.